ராஜாவுக்குக் கிடைக்காத ஆயிரம் மாடுகள்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் எது கிறிஸ்தவர் வீடு என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. மொட்டை மாடியில் மூங்கில் நட்டு நட்சத்திரம் தொங்கும், வாசலில் சீரியல் லைட் ஓடும், சில வீடுகளில் குடிலுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வேறு. எனக்கு இதெல்லாம் பிடிக்கும். நட்சத்திரம் கட்ட ஆள் கூப்பிட்டால் முதல் ஆளாக ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். ஆனால் பண்டிகை முடிந்து, ஜனவரியில் ஒருநாள் எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியபிறகு, மிச்சமிருக்கும் பதினோரு மாதமும் அந்த வீட்டில் இருப்பவர்கள் இயேசுவைப் பின்பற்றுகிறவர்கள் என்று எதிர்வீட்டுக்காரருக்கு எதை வைத்துத் தெரியும்? வண்டியில் ஒட்டியிருக்கும் வசன ஸ்டிக்கரை வைத்தா?

"மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு, பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி, உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கக்கடவது" என்கிற வசனத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்யாத பிள்ளை இல்லை. மத்தேயு 5:16. ஒப்பித்தால் ஒரு வசன அட்டை தருவார்கள். ஆனால் பெரியவர்கள் ஆனபிறகு "சாட்சி" என்றாலே மைக் முன்னால் போய்ச் சொல்வது என்று ஆகிவிட்டது. விசா கிடைத்தது, வீடு கட்டி முடித்தது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம். சொல்லட்டும், அதில் தப்பில்லை, நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைக் கேட்பவர்கள் யார்? ஏற்கெனவே நம்பிக்கைக்குள் இருக்கிற நாங்களே. வசனம் "மனுஷர்" என்கிறது, "சபையார்" என்று சொல்லவில்லை. வெளியே இருக்கிறவன் பார்ப்பதைப் பற்றிய பேச்சு அது.

வெளியே இருக்கிறவன் எதைப் பார்க்கிறான் என்பதற்கு, தஞ்சாவூர்க்காரன் எனக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிவகங்கைப் பூங்காவை ஒட்டி ஒரு பழைய கோயில் இருக்கிறது, 1779இல் கட்டியது, சுவார்ட்ஸ் தேவாலயம் என்று சொல்வோம். அதற்குள் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். கட்டிலில் ஒரு கிழவர் சாகக் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞர் நிற்கிறார், தலைப்பாகையும் அரச உடையுமாக. தலைமாட்டில் இன்னொரு பாதிரியார், கால்மாட்டில் சின்னப் பையன்கள் மூன்று பேர். செய்தவர் லண்டனைச் சேர்ந்த ஜான் ஃபிளாக்ஸ்மன். அவர் இந்தியாவுக்கே வந்ததில்லை. அதனால் முகங்களில் கொஞ்சம் கிரேக்கச் சாயல் அடிக்கும், ராஜாவுக்குக்கூட. இந்தச் சிற்பத்தைச் சொல்லிச் செய்ய வைத்தது சபை அல்ல, மிஷனும் அல்ல. கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அந்த ராஜாதான். இரண்டாம் சரபோஜி. கடைசிவரை இந்துவாகவே இருந்தவர், பிற்காலத்தில் காசி யாத்திரை போனவர்.

கட்டிலில் கிடப்பவர் கிறிஸ்தியான் பிரெட்ரிக் சுவார்ட்ஸ். பிரஷ்யாவில் சோனன்பர்க் என்கிற ஊரில் 1726இல் பிறந்து, ஹாலேயில் படிக்கும்போதே தமிழ் கற்க ஆரம்பித்து, 1750இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். அப்புறம் திருச்சி, அப்புறம் தஞ்சாவூர். 1798 பிப்ரவரி 13 அன்று இங்கேயே இறந்தார். நாற்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டில் போடுகிற அளவுக்கு ஒரு அறை, சோறும் காய்கறியும், கறுப்பு அங்கி. அவரைப் பற்றி எழுதிய ஆங்கிலேய அதிகாரிகளுக்கு இதுவே பெரிய ஆச்சரியம். அவர்கள் அந்தக் காலத்தில் இங்கே எப்படிச் சம்பாதித்தார்கள் என்று நினைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட்டதில் ஆச்சரியமில்லை.

நான் சொல்ல வந்தது மாட்டுக் கதை.

1780இல் மைசூரை ஆண்ட ஹைதர் அலி கர்நாடகத்துக்குள், அதாவது அன்றைய ஆற்காட்டு நவாபின் சீமைக்குள், படையோடு இறங்கினார். தஞ்சாவூர்ச் சீமை முழுக்கச் சூறையாடப்பட்டது. வாய்க்கால்கள் உடைந்து, விதைப்பு நின்று, ஜனங்கள் கோட்டைக்குள் வந்து அடைந்தார்கள். காலையில் தெருவில் பிணங்கள் கிடந்ததை சுவார்ட்ஸ் எழுதியிருக்கிறார். கோட்டையைக் காக்கிற சிப்பாய்களே பசியில் விழுந்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதை ஏற்றிக்கொண்டு வர மாடு இல்லை. மாடும் இருந்தது, கொடுக்கத்தான் ஆள் இல்லை. ஏன் கொடுப்பார்கள்? சர்க்கார் ஆட்கள் முன்னே மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள், காசு தரவில்லை. நெல்லை அளந்து வாங்கினார்கள், காசு தரவில்லை. ராஜாவின் சீட்டு போனது, கிழக்கிந்தியக் கும்பினியின் சீட்டும் போனது, ஒரு குடியானவனும் அசையவில்லை.

அப்போது தஞ்சாவூரை ஆண்ட ராஜா துளஜாஜி, நம் எல்லோர் வாக்கும் செல்லாமல் போய்விட்டது, இந்த ஜனங்கள் சுவார்ட்ஸை நம்புகிறார்களா என்று பார்ப்போம் என்றாராம். ஒரு அரசன் வாயால் வருகிற வார்த்தையா இது! சுவார்ட்ஸ் கடிதம் எழுதி அனுப்பினார். மாட்டோடு வாருங்கள், ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே கூலி தருகிறேன் என்று. ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து சேர்ந்தன. கோட்டைக்குள் 80,000 கலம் நெல் வந்தது. கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோட்டை பிழைத்தது.

பிறகு அவர் வந்தவர்களுக்குக் கூலி கொடுத்தார். கையில் போதாமல், தன்னிடம் இருந்த மற்றவர் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, அதற்குமேல் சின்ன அன்பளிப்பும் வைத்து அனுப்பினார். கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். மாடு வந்தது அல்ல, மாட்டுக்காரன் காசோடு வீடு திரும்பியது. பஞ்சம் தீர்ந்தபிறகு யாருக்கும் அவசரமில்லை, "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் கேட்க நாதியில்லை.

அந்த ஆயிரம் மாட்டுக்காரர்களில் எத்தனை பேர் அவர் பிரசங்கத்தைக் கேட்டிருப்பார்கள்? சொற்பம். அவருடைய கடவுள் யார், அவர் ஏன் இத்தனை கடல் தாண்டி வந்தார் என்பதெல்லாம் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தது ஒன்றே ஒன்று, இந்த ஆள் சொன்னால் சொன்னதுதான். அந்த நம்பிக்கை ஒருநாளில் வந்திருக்காது. சந்தையில், சம்பளம் கொடுப்பதில், வாங்கிய கடனைத் தீர்ப்பதில் எத்தனையோ வருடம் யாரோ அவரைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஹைதர் விஷயமும் இப்படித்தான். யுத்தத்துக்கு முந்திய வருடம், 1779இல், சென்னை கவர்னர் சுவார்ட்ஸை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பினார். வேறு யாரையும் அனுப்ப வேண்டாம், அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதர் சொன்னதாக ஒரு பேச்சு வழங்கி வருகிறது. போகும்போதே, பரிசு எதையும் தொடுவதில்லை என்று சுவார்ட்ஸ் தீர்மானம் செய்துகொண்டார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய்ப் பை ஒன்றைக் கொடுத்தனுப்ப, அதை அப்படியே கொண்டுபோய் சென்னையில் ஒப்படைத்துவிட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றபோது, தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு அது போகட்டும் என்று கேட்டுக்கொண்டார். தூது என்னமோ தோற்றுத்தான் போனது, அடுத்த வருடமே சண்டை வந்துவிட்டதே. ஆனால் அந்தச் சண்டையின் நடுவில், இந்தப் பாதிரியார் எங்கு வேண்டுமானாலும் போகட்டும், யாரும் தடுக்கக்கூடாது என்று தன் ஆட்களுக்கு ஹைதர் உத்தரவு போட்டிருந்தார். எதிரியின் உத்தரவு அது. சாட்சி என்றால் இதைச் சொல்வேன் நான்.

சரி, இதெல்லாம் பெரிய மனிதர்கள் கதை, ராஜாவும் நவாபும் வருகிற கதை, நமக்கு எங்கே என்று தோன்றலாம். என் சித்தப்பாவைச் சொல்கிறேன்.

சித்தப்பா டெல்டா கிராமம் ஒன்றில் ரேஷன் கடை சேல்ஸ்மேனாக இருந்தார். ரேஷன் கடையில் எடை எப்படிக் குறைகிறது என்று வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எல்லாத் தப்பும் கடையில் ஆரம்பிப்பதில்லை. கிடங்கிலிருந்து ஐம்பது கிலோ என்று வருகிற மூட்டையிலேயே சில சமயம் ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கும். சேல்ஸ்மேன் கணக்கில் ஐம்பது என்று ஏறிவிடும். இந்தக் குறையை அவர் எங்கே சரிக்கட்டுவார்? கார்டுக்காரரிடம்தான். இருபது கிலோவில் அரைக் கிலோ போனால் யார் வீட்டில் போய் நிறுத்துப் பார்க்கப் போகிறார்கள்! அதோடு நின்றால் பரவாயில்லை, கை பழகியபிறகு குறைக்கு மேலேயும் கொஞ்சம் தங்கும்.

சித்தப்பா லாரி வந்ததும் மூட்டைகளை இறக்குகிற இடத்திலேயே தராசில் ஏற்றச் சொல்வார். எல்லாவற்றையும் இல்லை, கைக்கு வந்ததில் சிலதை. லோடுமேன்களுக்கு எரிச்சல் வரும். "சார், இன்னும் மூணு கடைக்குப் போகணும்." "போகலாம்ப்பா, இந்த நோட்டுல எடையை எழுதிக் கையெழுத்து போட்டுட்டுப் போங்க." நீளவாக்கு நோட்டு, மேலே தேதி, கீழே மூட்டை நம்பர், எடை, கையெழுத்து. கையெழுத்து போட மறுத்தால் மூட்டை லாரியிலேயே கிடக்கும், இவர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். சண்டை போடமாட்டார். இதனால் மேலே இருந்தவர்களுக்கு அவர்மேல் பிரியம் ஒன்றும் இல்லை, இரண்டு முறை தூரத்துக் கடைக்கு மாற்றிப் பார்த்தார்கள்.

டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏண்ணே, எல்லாரும் பண்றதுதானே, நீங்க மட்டும் ஏன் இப்படிக் கிடந்து அல்லாடுறீங்க?" நான் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், பிரசங்கம் ஏதாவது வரும் என்று பயந்தேன், சித்தப்பாவுக்கு வசனம் நன்றாக வரும். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை கோயில்ல போய் உக்காரணும்ல தம்பி" என்றார். அவ்வளவுதான். டீக்கடைக்காரர் சிரித்தார், ஆனால் புரிந்தது அவருக்கு.

அந்த ஊரில் வேதக்காரர் வீடு மொத்தம் நாலோ ஐந்தோதான். ஆனால் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வீடுவீடாக வசூலித்த பணத்தைத் திருவிழா வரைக்கும் யாரிடம் கொடுத்து வைப்பது என்று இரண்டு கோஷ்டிகளுக்குள் தகராறு வந்தபோது, "சேல்ஸ்மேன் சார் வீட்டுல இருக்கட்டும்" என்று முடிவு செய்தார்கள். பணத்தை மஞ்சள் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சித்தி பீரோவில் வைத்துப் பூட்டினார். சபையில் சிலர் முகம் சுளித்தார்கள், விக்கிரகக் கோயில் காசு ஒரு விசுவாசி வீட்டு பீரோவில் எப்படி இருக்கலாம் என்று. சித்தப்பா விவாதம் பண்ணவில்லை. திருவிழா வந்ததும் பையை அப்படியே எடுத்துக் கொடுத்தார், எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார், அவர்கள் எண்ணவில்லை.

எண்ணாமல் வாங்கிக்கொண்டு போனார்களே, அந்த ஊரில் அதற்குமேல் ஒரு பிரசங்கம் யாரும் செய்திருக்க முடியாது என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. அந்த வெளிச்ச வசனம் வருகிற அதே மலைப்பிரசங்கத்தில், அடுத்த அதிகாரத்திலேயே, "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று வருகிறது. மனுஷர் காணவேண்டும் என்றும் சொல்லி, மனுஷர் காணவேண்டும் என்று செய்யாதே என்றும் சொன்னால் என்ன செய்வது? இளைஞர் கூட்டத்தில் இதை யாராவது கேட்டால் நடத்துகிற அண்ணன் கொஞ்சம் தடுமாறுவார், "நோக்கம் முக்கியம்" என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அது தப்பான பதில் இல்லை, ஆனால் போதாத பதில்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் நிவாரணத்துக்குப் போனவர்களோடு நானும் போனேன். தென்னை எல்லாம் ஒரே திசையில் படுத்துக் கிடந்தன. ஓடும் கூரையும் இல்லாமல் சுவர் மட்டும் நின்ற வீடுகளில் ஜனங்கள் தார்ப்பாய்க்குக் காத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குழு, கிறிஸ்தவக் குழுதான், பேனரோடு வந்திருந்தது. ஒரு பாட்டியின் கையில் தார்ப்பாயைக் கொடுத்து, பேனர் முழுசாகத் தெரியவில்லை என்று அவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா என்று சொல்லி, போட்டோ சரியாக வரும்வரை அந்தப் பாட்டி தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். தூறிக்கொண்டிருந்தது. அந்தத் தார்ப்பாய் நல்ல கனமான தார்ப்பாய், குறை சொல்ல முடியாது. அந்தப் பாட்டிக்கு அன்றைக்கு அது ராத்திரி தூக்கத்தைக் கொடுத்திருக்கும். ஆனால் அவர் கண்டது என்ன?

இரண்டு வசனத்துக்கும் நான் கண்ட விடை அந்த மாட்டுக் கூலியில் இருக்கிறது. சுவார்ட்ஸ் கூலியை ரகசியமாகக் கொடுத்திருக்க முடியாது. எல்லோரும் பார்க்க, தன் கையாலேயே கொடுக்கவேண்டி இருந்தது, ஏனென்றால் ஏமாந்து போன ஜனங்களுக்கு அதைப் பார்க்கும் தேவை இருந்தது. பார்ப்பது அவர்களுக்காக, இவருக்காக அல்ல. ஹைதரின் 300 ரூபாய் பள்ளிக்கூடத்துக்குப் போனதை எந்த மாட்டுக்காரனும் அறியவேண்டிய அவசியமே இல்லை. சித்தப்பாவின் எடை நோட்டு கடையில் ஆணியில் தொங்கியது, யாரும் புரட்டலாம். அவர் யார் யாருக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டினார் என்பது அவர் சாவுக்கு வந்த பிள்ளைகள் சொல்லித்தான் சித்திக்கே தெரிந்தது.

சுவார்ட்ஸைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி மாலை போடுவது என் நோக்கம் இல்லை. அந்தக் காலத்து மிஷன் கோயில்களில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில்தான் உட்கார்ந்தார்கள், அவர் அதை உடைக்கவில்லை. சகித்துக்கொண்டார். அவர் இறந்து முப்பத்தைந்து வருடம் கழித்து, 1833இல், பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கூட்டம் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். வெளியே இருக்கிற ஹைதரும் குடியானவனும் கண்ட வெளிச்சத்தை, கோயிலுக்குள் பின்னால் தனியாக உட்கார வைக்கப்பட்டவன் எப்படிக் கண்டிருப்பான்? இந்தக் கேள்வி இன்றைக்கும் பழையதாகவில்லை. கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்துச் சுவர் எழுப்பியிருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, அந்த ஊர்களிலும் டிசம்பரில் நட்சத்திரம் தொங்குகிறது. கும்பினியின் காரியங்களில் அவர் அவ்வளவு தூரம் தலையிட்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறவர்களும் உண்டு, அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர் எனக்கு உதவுகிறார். அவர் நிழலில் இரண்டு பையன்கள் வளர்ந்தார்கள். ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து அவர் அழைத்துவந்த வேதநாயகம்; பிற்காலத்தில் வேதநாயகம் சாஸ்திரியாராகி, நாம் இன்றைக்கும் பாடுகிற கீர்த்தனைகளை எழுதினார். இன்னொருவர் சரபோஜி. ராஜா துளஜாஜி சாகும்போது பிள்ளையை சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார். சித்தப்பன் முறையான அமர்சிங் பிள்ளையை அடைத்து வைத்தபோது அவனை வெளியே கொண்டுவரவும் படிக்க வைக்கவும் சுவார்ட்ஸ் பட்டபாடு கொஞ்சமில்லை. ஒருவர் விசுவாசி ஆனார், ஒருவர் ஆகவில்லை. ஆகாதவர்மேல் சுவார்ட்ஸ் காட்டிய அக்கறை குறையவில்லை. ஆகாதவர்தான் அவருடைய உடலுக்குப் பொற்துணி போர்த்தி, கண்ணீர் விட்டு, அடக்கம் வரை கூட நின்றார். கல்லறைக்கு ஆங்கிலத்தில் வரிகளும் எழுதினார், கபடமில்லாதவர் என்றும், அநாதைகளின் தகப்பன், விதவைகளின் ஆதரவு என்றும். "எத்தனை ஆத்துமா ஆதாயம் பண்ணினீங்க" என்று கணக்குக் கேட்கிற ஊழியக் கூட்டங்களில் உட்காரும்போதெல்லாம் எனக்குச் சரபோஜி ஞாபகம் வருவார். அவரை எந்தப் பத்தியில் எழுதுவது?

இந்த வருடம் எங்கள் சபையில் பையன்கள் சேர்ந்து ஒன்று செய்தார்கள். பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வசூலான பணம், பந்தல்காரருக்கு எவ்வளவு, சமையல்காரருக்கு எவ்வளவு, மைக் செட்காரருக்கு இன்னும் பாக்கி எவ்வளவு என்று எல்லாவற்றையும் எழுதி, கோயிலுக்குள் அல்ல, தெருவைப் பார்த்த கேட்டில் ஒட்டிவிட்டார்கள். நம் வீட்டுக் கணக்கை ஏன் தெருவில் போடுகிறீர்கள் என்று கமிட்டியில் மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள், அதில் ஒருவர் எனக்கு மாமா முறை, இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மைக் செட்காரர், அவர் முஸ்லிம், அந்தப் பக்கம் போகும்போது வண்டியை நிறுத்தித் தன் பெயருக்கு நேராக எழுதியிருந்த பாக்கியைப் படித்துவிட்டுப் போனாராம். அடுத்த வாரமே பணம் கைக்குப் போய்ச் சேர்ந்தது.